பதினேழாவது ஓட்டம்

எக்ஸிட்டரில் நவம்பர் முதல் வாரம்.
நாலரைக்கே இருட்டிவிடுகிறது.
நாற்பது குளிர்காலங்களைக் கணினியில் ஓடவிட்டு
காப்பி எடுத்துவரப் போனேன்.

நாற்பதும் ஒரே கடலிலிருந்து கிளம்பியவை.
ஒரு முடியளவு கலைத்துவிட்டோம், அவ்வளவுதான்.
டிசம்பர் தாண்டுவதற்குள்
ஒன்றின் முகம் இன்னொன்றுக்கு இல்லை.

கேள்வி சின்னதுதான்:
ஐஸ்லாந்தின் மேல் காற்றழுத்தம் எவ்வளவு தாழும்,
அசோர்ஸ் தீவுகளின் மேல் எவ்வளவு ஏறும்.
இடைவெளி பெருத்தால் மேல்காற்று வலுக்கும்,
வெதுவெதுப்பு, மழை, சேறு.
சுருங்கினால் கிழக்கு திறந்துகொள்ளும்.

மேல்காற்றுக்குக் கோடை என்று பேர்வைத்த மொழி என்னுடையது.
இங்கே கோடை டிசம்பரில் வீசிக் குடையைப் பிடுங்குகிறது.
கொண்டல் கொண்டுவருவது
உறைந்து வெடித்த தண்ணீர்க் குழாய்களை.
வரைபடத்தின் ஓரத்தில் இரண்டு பேரையும்
பென்சிலில் எழுதிவைத்திருக்கிறேன்.
பக்கத்து மேசை ஹெஸ்டர் அதைச் சூத்திரம் என்று நினைத்தாள்.

நாற்பதையும் கூட்டி வகுத்தால்
மிஞ்சுவது ஒரு முணுமுணுப்பு.
மேற்கு, என்கிறது. கொஞ்சம் மேற்கு.

போன குளிர்காலங்கள் இருபத்துமூன்றைத்
தெரியாதவர்கள்போல அதனிடம் கேட்டுப் பார்த்திருக்கிறோம்.
அந்த முணுமுணுப்பு
வெளியே நடந்ததோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது.
விசித்திரம் இதுதான்:
தன் சொந்த ஓட்டங்களில் ஒன்றை எடுத்துக்காட்டி
இதைச் சொல் பார்ப்போம் என்றால் திணறுகிறது.
பெற்ற பிள்ளைகளைவிட
எதிர்வீட்டை நன்றாக அறிந்த தகப்பன்.
ஏன் என்று கட்டுரைகள் எழுதியாயிற்று.
இரண்டு என்னுடையவை. எனக்கும் தெரியாது.

முணுமுணுப்பை மூன்றால் பெருக்கி
அறிக்கையை அனுப்பினேன்.

ஓக்ஹாம்ப்டன் சாலை உப்புக் கிடங்கிலிருந்து
கென்வின் ட்ரெகியர் கூப்பிட்டார்.
"இன்னும் ஆயிரம் டன் வாங்கட்டுமா?"
கடுங்குளிருக்கு நூற்றுக்கு முப்பது வாய்ப்பு, என்றேன்.
"நூற்றுக்கு முப்பதை லாரியில் ஏற்ற முடியாதே."
வாங்கவில்லை.

டிசம்பர் ஈரம். ஜனவரி அதைவிட.
எக்ஸ் ஆறு கரையோரப் பெஞ்சுகளை நனைத்துவிட்டு இறங்கியது.
முன்பனி முழுக்க எங்கள் பக்கம்.
பின்பனியில்,
பிப்ரவரி கடைசியில் ஒரு புதன்கிழமை,
கிழக்கு திறந்தது. நான்கு நாள்.
இரண்டாம் இரவு கிடங்கில் உப்பு தீர்ந்தது.
மூன்றாம் நாள் விடியலில் டார்ட்மூர் சரிவில்
ஒரு பால் லாரி பக்கவாட்டில் கிடந்தது,
வெள்ளையின் மேல் வெள்ளை வழிய.
ஓட்டுநருக்கு இடுப்பெலும்பு முறிவு.

மார்ச்சில் சரிபார்த்தோம்.
மூன்று மாதச் சராசரி: மேற்கு. கணிப்பு: மேற்கு.
அட்டவணையில் ஒரு பச்சைக் கட்டம்.
ஹெஸ்டர் கேக் வாங்கிவந்தாள்.
தின்றேன்.

கென்வின் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்:
"நாற்பது பேரில் ஒருவர்கூடவா சொல்லவில்லை?"
தேடிப் பார்த்தேன்.
பதினேழு சொல்லியிருந்தது.
பிப்ரவரி கடைசி வாரம், கிழக்கு, நான்கு நாள்.
யாரும் திறந்து பார்க்காத ஒரு கோப்பில்.

"அடுத்த வருஷம் அவர் சொல்வதைத்
தனியாக எனக்குச் சொல்லுங்கள்."

அது குருட்டு அதிர்ஷ்டம் என்று விளக்கினேன்.
பதினேழு ஓர் ஆள் இல்லை, எண்.
இத்தனை கதவுகளில் ஏதோ ஒன்று
என்றைக்காவது சரியான அறைக்குத் திறக்கத்தான் செய்யும்.
அடுத்த ஆண்டு அதே எண்ணில் வேறு கதவு.
பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.
சரி, என்றார்.
ஆனாலும், என்றார்.

மறுபடி நவம்பர்.
ஜன்னலில் கோடை, மழையைச் சாய்த்துக்கொண்டு.
நாற்பதும் வந்து இறங்கிவிட்டன.
முறைப்படி முதலில் சராசரியைத்தான் திறக்க வேண்டும்.
அப்படித்தான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஹெஸ்டர் எழுந்து போகும்வரை
மேசையில் எதையோ தேடுவதுபோல் இருந்தேன்.
பிறகு, பதினேழைத் திறந்தேன்.