குழாய் நிறம்

அந்தக் குளிர்காலம் மொந்தெவிதேயோவில்
குழாயைத் திறந்தால் கடல் வாடை.
அணை வற்றிவிட்டது. ஆற்றின் முகத்துவாரத்தில் இறைத்துக்
கலந்து விட்டார்கள்.
மாத்தே கரித்தது, சூப் கரித்தது,
பல் தேய்த்துத் துப்பிய வால்டெமாரின் முகத்தைப்
பார்த்திருக்க வேண்டும்.

குடிப்பதற்குக் கேன் வாங்கினோம்.
சாயப் பானைக்கு யாராவது கேன் வாங்குவார்களா?
ஒரு பானைக்கு நாற்பது லிட்டர்.
கம்பளி, சாயம், வினிகர், எரிவாயு, தபால்
எல்லாம் கழித்தால்
சிட்டத்துக்கு எனக்கு நிற்பதே இரண்டு ரொட்டி விலை.

குழாய்த் தண்ணீரிலேயே இறக்கினேன்,
பன்னிரண்டு சிட்டம் மெரினோ.
நினைத்தது நீலம்.
அது நூலைப் பிடிக்கத் தயங்கித் தயங்கி
ஓரிடத்தில் பச்சையாய் உட்கார்ந்தது,
ஓரிடத்தில் சாம்பலாய்ப் படுத்தது,
நடுவில் எங்கோ
அடிபட்ட தோல் ஆறும்போது வருமே, அந்த மஞ்சள்.

பாழ் என்றுதான் கொடியில் போட்டேன்.
காய்ந்த பிறகு
பால் வாங்கப் போன எதிர்வீட்டு இல்தா
பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

பெயரில்லாத நிறத்தை ஒருவரும் வாங்குவதில்லை.
சீட்டில் எழுதினேன்: குழாய்.
ஞாயிற்றுச் சந்தையில் பதினோரு மணிக்குள்
பதினொன்றும் போயிற்று.
கடைசி ஒன்றை வால்டெமாருக்குத் தொப்பியாகப் பின்னினேன்,
உச்சியில் குஞ்சம் வைத்து.

பிறகு மழை.
தெருவே வெளியில் வந்து முகத்தை நீட்டியது.
நானும்தான் நனைந்தேன்.
ஒரு நிறம் ஊரைவிட்டுப் போவது
அப்போது தோன்றவில்லை.

செப்டம்பரில் தக்குவாரெம்போவிலிருந்து நிபியா எழுதினாள்:
"ஐந்து வாங்கியிருந்தேன்.
உடம்பு முடிந்தது, ஒரு கை முடிந்தது,
மறு கை முழங்கையில் நிற்கிறது.
இன்னும் ஒன்றே ஒன்று."

கல்லுப்பு போட்டேன். பொடியுப்பு போட்டேன்.
வறுக்கும் மாட்டிறைச்சிக்கு வால்டெமார் தேய்க்கும்
பருமன் உப்பையும் விடவில்லை.
ராமிரெஸ் கரையில் வாளியை முக்கிப்
பேருந்தில் ஏறினேன்;
உள்ளே மீன் இருக்கிறதா என்றார் ஓட்டுநர்.
ஆறு பானை.
ஆறும் நல்ல நிறம்.
ஆறும் வேறு நிறம்.

இதை அவளுக்கு எப்படி எழுதுவது?
"அன்புள்ள நிபியா,
நீங்கள் கேட்பது வறட்சியின் நிறம்.
கையிருப்பில் இல்லை."
எழுதி, அழித்தேன்.

இரவு அவன் குறட்டை ஏறும்வரை காத்திருந்து
தொப்பியின் முடிச்சைத் தேடினேன்.
பின்னக் கற்ற கைக்குப் பிரிப்பது சுலபம்,
நூல்தான் ஒத்துக்கொள்ளவில்லை:
ஒவ்வொரு கண்ணியையும் நினைவில் வைத்துச்
சுருள் சுருளாய் எழுந்து நின்றது.
வெந்நீரில் அலசி
இஸ்திரிப் பெட்டியைத் தொங்கவிட்டு நிமிர்த்தினேன்.
குஞ்சம் போக எழுபத்தொன்பது கிராம்.
அரைக் கைக்குத் தாராளம்.
விலைக் கட்டத்தில் பேனா நின்றது.
ஒருவன் காதை மூடியிருந்த நூலுக்கு
என்ன விலை போட?
கோடு இழுத்துவிட்டேன்.

தபால் வரிசையில் எனக்கு முன் மூன்று பேர்
இருக்கும்போது போன் அதிர்ந்தது.
"சிரமப்பட வேண்டாம்.
மிச்சக் கையைச் சாம்பல் நிறத்தில் முடித்துவிட்டேன்.
எல்லோரும் அந்தக் கையைத்தான் கேட்கிறார்கள்.
சாம்பல் உங்களிடம் இருக்கிறதா? எட்டுச் சிட்டம்."

சாம்பல்!
கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்,
கறுப்பில் ஒரு சிட்டிகை, அவ்வளவே.
ஐந்து வருடமாய் ஒருவரும் திரும்பிப் பார்க்காததால்
பெயர்கூட வைக்காத நிறம்.

வரிசையிலிருந்து விலகி வீட்டுக்கு வந்தேன்.
குளிர் இன்னும் போகவில்லை.
இரு காதையும் பொத்தியபடி வால்டெமார்
அலமாரி அலமாரியாய்த் திறக்கிறான்.
மேசை மேல் குஞ்சம்.
அதை அவன் இன்னும் பார்க்கவில்லை.
பையிலிருக்கும் சிட்டத்தை
நான் இன்னும் எடுக்கவில்லை.

அடுப்பில் நாற்பது லிட்டர் குழாய்த் தண்ணீர்
உப்புச் சப்பில்லாமல்
ஒழுங்காகக் கொதிக்கிறது.