நாலு புள்ளி மூணு ஏழு

தட்டின் உறையில் நாலு புள்ளி ஏழு என்று போட்டிருக்கும்.
உள்ளே கொள்வது நாலு புள்ளி மூணு ஏழுதான்.
கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று கழிப்பார்களே,
அந்தக் கணக்கு.
வீரையன் அண்ணனுக்கும் அப்படித்தான் சொன்னேன்.
"எனக்கு ஒத்த தட்டுல வேணும்" என்றார்.

கேசட் மூன்று. மூன்று மணி நாற்பது நிமிடம்.
புது வீட்டில் பால் காய்ச்சியது,
மகனுக்குக் காது குத்தியது,
கொல்லையில் போர் இறக்கியது.
போர் மட்டும் ஐம்பத்தெட்டு நிமிடம்.
குழாய் இறங்குகிறது. சேறு வருகிறது.
இன்னும் சேறு வருகிறது.
"அத வெட்டிரலாமாண்ணே?"
"தண்ணி வர்ற வரைக்கும் இருக்கட்டும் தம்பி.
அங்க நாலு பேருக்குப் போட்டுக் காட்டணும்."
சிங்கப்பூரில் ஒரே அறையில் பதினாறு பேர், ஒரே டிவி.
தட்டு மாற்ற எழுந்தால்
அதற்குள் யாராவது கிரிக்கெட் வைத்துவிடுவார்களாம்.

நாளை இரவு திருச்சியில் விமானம்.
பந்தலடியில் கரண்ட் பத்துக்குப் போய்ப் பன்னிரண்டுக்கு வரும்.
யு.பி.எஸ். பதினெட்டு நிமிடம் தாங்கும்.
அதுவும் மின்விசிறியை அணைத்தால்.

கேமராக்காரன் நிறுத்த மறந்து
தன் செருப்பையே எடுத்திருந்த ஏழு நிமிடத்தை முதலில் தூக்கினேன்.
மெனுவுக்கு ரோஜாப்பூ வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.
ரோஜாப்பூ வைத்தேன்.

இனிச் சுருக்க வேண்டும்.
நொடிக்கு ரெண்டரை மெகாபிட், அதற்குமேல் கட்டாது.
நீடாமங்கலம் மூணாறு தலைப்பில்
ஷட்டர் போடுகிறவர் மாதிரிதான் மென்பொருளும்.
முதல் சுற்றில் யாருக்கும் எதுவும் கொடுக்காது,
நடந்து பார்த்துவிட்டு வரும்.
இரண்டாம் சுற்றில் திறக்கும்.
அசைகிறவற்றுக்கு அள்ளிவிடும்:
காற்றில் புரளும் நாற்றங்காலுக்கு,
பந்தல் ஜிகினாவுக்கு,
துள்ளி அழும் பிள்ளைக்கு,
சேறு கக்கும் குழாய்க்கு.
அசையாதவற்றுக்கு
'முன்னே இருந்தபடியே' என்றொரு குறிப்பு. அவ்வளவுதான்.

சுவர். தூண். எவர்சில்வர் அண்டா.
செங்கமலம்.

அடுப்புப் புகைக்குப் பின்னால் நிற்கிறார்.
தாய்மாமன் தோளுக்குப் பின்னால் நிற்கிறார்.
நிழலில், கைகட்டி, ஒருமுறை அறுபத்தைந்து நொடி.
இமை மட்டும் அசைகிறது.
இமைக்கு எத்தனை பிட் கிடைக்கும்?
முகமெல்லாம் கட்டம் கட்டமாய் விழுந்திருந்தது.

சாயங்காலம் மீதிப் பணத்தோடு அவர்தான் வந்தார்.
பிள்ளை இடுப்பில், காதில் இன்னும் மஞ்சள்.
"தண்ணி பீச்சி அடிச்சப்ப நான் சிரிச்சேன்.
அது விழுந்துருக்கா?"

தேடினேன். தண்ணீர் வந்ததும்
கேமரா தண்ணீரின் பக்கம் பாய்ந்துவிட்டது.
இடது ஓரத்தில் ஒரு தோள், தெறிப்பை மறைக்கத் தூக்கிய கை,
கைக்குக் கீழே பாதி வாய்.
பத்தொன்பது சட்டம். முழுசாய் ஒரு நொடிகூட இல்லை.
பழைய டிவி என்றால் ஓரத்தைத் தின்றுவிடும்,
அதுவும் தெரியாது.

"இருக்குக்கா" என்றேன்.

அவர் போனபின் மறுபடி எல்லாவற்றையும் பிரித்தேன்.
அந்த இடத்தில் படத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்தேன்.
சுற்றிக் கறுப்பு விழுந்தது, விழட்டும்.
போரில் பதினோரு நிமிடச் சேற்றை
யாரிடமும் கேட்காமல் வெட்டினேன்.
மிச்சமான பிட்டையெல்லாம் நிழல் பக்கம் திருப்பினேன்.
பாதி வாய் தொடங்கும் சட்டத்தில்
ஓர் அத்தியாயக் குறி.
மெனுவில் அதற்குப் பெயர் கிடையாது.
ரிமோட்டில் அடுத்து, அடுத்து என்று அழுத்தினால்
நேரே அங்கே போய் விழும்.

விடிகாலை நாலே காலுக்குத் தட்டு சூடாக வெளியே வந்தது.
மார்க்கரில் எழுதினேன்: வீரையன், வீடு.
மை காய ஊதினேன்.

பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்
நின்றபடியே போர் பாகத்தை ஓட்டிப் பார்த்தார்.
"சேறு கொஞ்சம் கம்மியா இருக்கே தம்பி?"

"சுருக்குறப்ப அப்படித்தாண்ணே ஆவும்."