போன பதினெட்டு

எண்பத்திரண்டு என்றது திரை.
பேட்டரியின் ஆரோக்கியம், நூற்றுக்கு.
கொண்டலாம்பட்டி பைபாஸ், டயர்க் கடை நிழல்.
ஏகாம்பரம் கைக்குட்டையால் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்,
உள்ளே இன்ஜின் இருப்பதுபோல.

போன பதினெட்டு எங்கே
என்றாள் செண்பகவல்லி.

நாலு வருஷம் ஏற்காட்டுக்கு ஏறி இறங்கினேன்மா,
பேங்க் வேலை.
மேலேதான் எங்கயாவது கிடக்கும்.

சரி, போய்ப் பார்த்துடலாம் என்றாள்.
சிரித்தார்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு எடைபோடுகிறவள்,
ஒரு குண்டுமணி குறைந்தால் சீட்டில் கையெழுத்து வைக்காதவள்
என்று அவருக்கு யார் சொல்வது.

அடிவாரத்தில் எழுபத்து நான்கு.
மூன்றாம் வளைவில் அறுபத்தெட்டு.
எட்டாவதில் நான் ஏசியை அணைத்தேன்.
பதினொன்றில் ஏகாம்பரம் பின்சீட்டில்
பேச்சை நிறுத்தினார்.
சத்தமில்லாத வண்டியைக் குரங்குகள் மதிக்கவில்லை;
ஒன்று நடுரோட்டில் உட்கார்ந்து
குட்டிக்குப் பேன் பார்த்து முடித்த பிறகே
வழிவிட்டது.
அந்த நேரத்துக்கு ஒரு சதவீதமும் போகவில்லை என்பதை
இவள் குறித்துக்கொண்டாள்.

ஒண்டிக்கடையில் மிளகாய் பஜ்ஜி.
நாற்பத்து மூன்று.
யாரும் எண்ணைப் பற்றிப் பேசவில்லை.
அதோ அந்த சில்வர் ஓக் கீழதான் நிறுத்துவேன் என்று காட்டினார் ஏகாம்பரம்.
அங்கே யாரோ ஒருவரின் புல்லட் நின்றது.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறக்கத்தில், பிரேக்கைத் தொடாதீங்க என்றார்.
காலை எடுத்தால் போதும்,
அதுவே பிடிச்சுக்கும்.
எனக்கு நம்பிக்கையில்லை; கட்டைவிரல் தவித்தது.
முன்னால் போன வேனிலிருந்து
கருகிய பிரேக் நாற்றம்.
அது விலகிப் போனதும்
நேற்றைய மழைக்குப் பூத்த காப்பித் தோட்டம்
ஜன்னல் வழியே மொத்தமாக உள்ளே வந்தது.

நாற்பத்து நான்கு.
நாற்பத்தாறு.
என்னங்க, ஏறுது என்றாள்.
இறங்குகிறோமே என்றேன்.
அதத்தான் சொல்றேன்.

அடிவாரத்தில் ஐம்பத்திரண்டு.
ஒன்பது திரும்பி வந்திருந்தது.
எங்கண்ணன்கிட்ட குடுத்ததுலகூட இவ்வளவு திரும்பல என்றவள்
ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பி
பதினெட்டில் பாதியைத்தான் உங்க மலை குடுத்திருக்கு,
மீதிக்கு இருபதாயிரம் குறைங்க என்றாள்.
கணக்கு தப்பு என்று எனக்குத் தெரியும்.
அவருக்கும் தெரிந்திருக்கும்.
சாவியை நீட்டிவிட்டு, குடையை மட்டும் எடுத்துக்கிறேன் என்றார்.
டிக்கியில் ஒரு குடை,
எஸ்டேட் மண் காய்ந்த ஒரு ஜோடி செருப்பு.
செருப்பை விட்டுவிட்டார்.

குகையில் எங்கள் வீடு முதல் மாடி.
சமையலறை ஜன்னலிலிருந்து வயர் இறங்குகிறது வண்டிக்கு.
என்ன, சலைன் ஏத்துறீங்களா என்கிறார் எதிர்வீட்டு ரத்தினவேலு.
ஆமாம் என்கிறேன்.
மிக்ஸி போடுவதற்கு முன்
மேலிருந்து ஒரு குரல் கேட்கும்:
எவ்வளவு ஆச்சு?
ராத்திரி பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
அறுபத்தேழு என்று கத்தினேன் இருட்டில்.
போதும் வாங்க என்றாள்.