வெள்ளிக்கு நேரே

பாலாய் ராயா சாவி
பதினோரு மாதமாய் என் இடுப்பில் கிடக்கிறது.
நம்பிக் கொடுத்தார்கள் என்று
ஊர் நினைக்கிறது.
கொடுக்கும்போது பிலவேந்திரன் சொன்னது வேறு:
"நீ வரலைன்னா
பத்துப் பேர் மழையில நிப்பாங்க.
அவ்வளவுதான்."

போனேன்.
அந்த முதல் வியாழன் மழைகூட இல்லை.

சாவி வைத்திருப்பவன்
எல்லாருக்கும் திறக்க வேண்டும்.
திங்கள் சர்க்கரைக்காரர்கள்.
கிளினிக் மிஸ்ஸி
ஒவ்வொரு பாதமாய் மடியில் தூக்கி வைத்து
டார்ச் அடித்துப் பார்ப்பாள்.
முப்பது வருஷம் செம்பனை முள் ஏறிய பாதங்கள்
கூச்சத்தில் விரலை மடக்கிக்கொள்ளும்.
புதன் கமாரியாவின் ஆட்டப் பயிற்சி.
ஒலிபெருக்கி என் பொறுப்பு;
சத்தம் கூடினால் சூராவ் பக்கமிருந்து
ஒருவர் சைக்கிளில் வந்து சிரித்துவிட்டுப் போவார்,
குறைத்துவிடுவேன்.

சனிதான் கனம்.
பிளாஸ்டிக் பைக்குள் பிளாஸ்டிக் பை,
அதற்குள் ஒரே ஒரு காகிதம்.
வக்கீலுக்குப் படிக்கும் ஆசீர்வாதத்தின் மகள்
அதை வெளிச்சத்தில் பிடித்து,
"உங்க அம்மா பேர்ல ஓர் எழுத்து மாறியிருக்கு" என்பாள்.
அந்த ஓர் எழுத்துக்காக
நாற்பது வயது ஆள் ஒருவர்
எட்டாவது முறையாக வரிசையில் உட்கார்ந்திருப்பார்.
மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைப்பேன்.
எனக்குத் தெரிந்த சட்டம் அதுதான்.

எல்லாமே ஆறு மணிக்கு மேல்.
மூன்றாம் கட்டைச் சம்சுக் கடையும்
ஆறு மணிக்கு மேல்.
இதைக் கணக்குப் பண்ணித்தான் சாவி கொடுத்தானா என்று
பிலவேந்திரனிடம் கேட்டதில்லை.

பலகையில் வாரத்தை எழுதுவதும் நான்.
அழியாத பேனாவை யாரோ கலந்து வைத்துவிட்டார்கள்;
"வியாழன் 8 மணி" மட்டும்
மண்ணெண்ணெய்க்கும் அசையவில்லை.
என்ன கூட்டம் என்று எழுதுவதில்லை.
எழுதினால் எவன் வருவான்?

வியாழன் என்றதும் பஜனை என்று நினைத்து
அமிர்தவள்ளி ஒருநாள் வந்தாள்,
கேசரித் தட்டோடு, தலை நிறையப் பூவோடு.
உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.
தேவராயன் எழுந்து
மகளின் பள்ளிக்கூடக் காசைக் குடித்த கதையைச் சொன்னான்.
அவள் கண்ணைத் திறக்கவில்லை.
முறை அவளிடம் வந்தது.
தப்பாக வந்துவிட்டேன் என்பாள்,
கதவைத் திறந்துவிடலாம் என்று எழுந்தேன்.
"நான் குடிக்கிறதில்ல" என்றாள்.
"மூணு பேர் குடிக்கிறதை
நான்தான் கழுவுறேன்."
தட்டின் மேலிருந்த தாள்
காற்றில் படபடத்துக்கொண்டே இருந்தது.
கடைசியில் கேசரியைத் தின்றோம்.
ஏலக்காய் கொஞ்சம் அதிகம்.
அடுத்த வாரம்
பன்னிரண்டாவது நாற்காலியை எடுத்துப் போட்டேன்.
கால் ஆடும் நாற்காலி;
சிகரெட் அட்டையை மடித்து அடியில் கொடுத்தேன்.

வெள்ளிதான் கஷ்டம்.
எங்கள் ஊரில் வெள்ளி என்றால் கிழமை,
வெள்ளி என்றால் காசு.
ஆலையில் சம்பளம் போட்டால்
இரண்டும் ஒரே நாளில் வரும்.
அன்றைக்குப் பலகையில் ஒன்றுமில்லை.
யாருக்கும் நான் வேண்டாம்.

போன வெள்ளி ஆறரைக்கு
மோட்டார் சைக்கிள் தானாக மூன்றாம் கட்டைக்குத் திரும்பியது.
("தானாகவா?" என்பான் பிலவேந்திரன்.)
செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று
பின்னுக்கு எடுக்கிறேன் என்று
சாலையை அடைத்துக்கொண்டு நின்றது.
நின்ற நேரத்தில் சாவி
இடுப்பெலும்பில் குத்தியது.

வந்து திறந்தேன்.
விளக்கைப் போட்டேன்.
ஒரு நாற்காலி.
கிடக்கட்டும் என்று இன்னொன்று.

ஏழரை இருக்கும்.
வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம்.
தேவராயன்,
சட்டைப் பையில் சம்பள நோட்டுகள் பிதுங்க.
"லைட் எரிஞ்சுச்சு" என்றான்.
"ம்."
"இன்னிக்கு என்ன கூட்டம்?"

இருவரும் பலகையைப் பார்த்தோம்.
நான் பேனாவை எடுக்கவில்லை.
கால் ஆடாத நாற்காலியை
அவன் பக்கம் தள்ளினேன்.