ஜூன் பதினொன்று

"ஹெல்த் கார்ட்?" என்றாள் மேசையில் இருந்தவள்.
கோப்பு எண் இருக்கிறது என்றேன்.
அது கார்ட் இல்லையே என்று
காசு கட்டும் மெஷினை எங்கள் பக்கம் திருப்பினாள்.
நிரூபன் இரண்டு அட்டைகளில் பிரித்துக் கட்டினான்.
இரண்டாவது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சம்மதித்தது.

வயிற்றில் குளிர்ந்த ஜெல்.
திரையில் முதலில் ஒரு குதிகால்,
பிறகு சீப்புப் பல்லாய் முதுகெலும்பு.
தொடை எலும்பை அளந்தவள்
ஜூன் பதினொன்று என்றாள், தயக்கமே இல்லாமல்.
ஒட்டாவாவிலிருந்து எனக்கு ஒருவரும்
இப்படித் தேதி சொன்னதில்லை.

பிறந்ததுமே அவளுக்கு அட்டைக்கு எழுதுவார்களாம்.
(மகள் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.)
அதுவரை அவளும் என்னைப்போல
காசு கட்டி வைத்தியம் பார்க்கிற ஆள்.

"ஆஸ்பத்திரியில் முற்பணம் கேட்பார்கள்.
சிசேரியன் என்றால்..."
நிரூபன் முடிக்கவில்லை.

மார்க்கம் வீதியில் பனி கொட்டுகிறது.
பஸ் தரிப்பிடத்தில் நின்று
ரசீதை மடித்து மடித்து
விரல்நகம் அளவாக்கினேன்.
உள்ளே ஒரு உதை. கையை வைத்துக்கொண்டேன்.
"யார், என்ன?" பதறினான்.
"ஒன்றுமில்லை," என்றேன்.
"இந்த ஊர்க்காரி."