பல்லில் கடித்த வெளிச்சம்

சாவிக்கொத்தில் தொங்கும் டார்ச்
சுண்டுவிரல் பருமன்.
லாரிக்கு அடியில் மல்லாந்தால்
இரண்டு கைக்கும் வேலை இருக்கும்,
வாயில் கடித்துக்கொள்வேன்.
முன்பல் இரண்டின் தடம்
அதன் அலுமினியத்தில் விழுந்திருக்கிறது.
யாரும் திருடினால் அடையாளம் சொல்லலாம்.

முன்பெல்லாம் கடை பேட்டரிதான்.
புளியரை முக்கில் ஒன்று பத்து ரூபாய்.
அது சாகிற விதம் எனக்குத் தெரியும்:
முதலில் ஆக்சில் முழுக்கத் தெரியும்,
பிறகு நட்டு மட்டும்,
பிறகு நட்டு இருக்கும் இடம் என்று ஒரு யூகம்.
பஸ் ஏறுமுன் வீடு வீடாக நின்று
சொல்லிக்கொண்டு போகிற உறவுக்காரர் போல.
அதற்குள் மூன்று நட்டை முடுக்கிவிடலாம்.

ஏசுவடியான்தான் மாற்றினான்.
அதே உயரம், அதே பருமன், ஊதா உறை,
சார்ஜ் ஏறுகிற லித்தியம்.
"ஒன்றரை வோல்ட் இருந்த வீட்டுல
நாலு வோல்ட் குடிவருது,
பல்லு சுடும், பாத்துக்கோ."

சுட்டது.
இரண்டாம் நிமிஷம் உதடு பொசுங்க
கழிவுத்துணி சுற்றிக் கடித்தேன்,
வாயெல்லாம் டீசல்.
ஆனால் அந்த வெளிச்சம்!
கிரீஸில் சிக்கிச் செத்த எறும்பின்
கால்களை எண்ணலாம்.
வைக்கோல் லாரி பைஜு குனிந்து பார்த்து
"எந்தா சேச்சி இது, சூரியனோ?" என்றான்.

ஐப்பசி. கோட்டைவாசல் எஸ் வளைவு.
மலையாளத்து மழை நம் பக்கம் சாய்ந்து பெய்தது.
பிரேக்கில் காற்று நிற்காமல்
ஏற்றத்தில் உறைந்த பைஜுவின் லாரி,
சக்கரத்துக்குக் கல் கொடுத்திருந்தது.
பின்னால் கோழி, பால், முருங்கை, சிமெண்ட்,
ஆரியங்காவு வரை போக வேண்டியதெல்லாம்
ஹாரன் அடித்து ஓய்ந்திருந்தன.
புது ஹோஸ் மாட்டி
கடைசிக் கிளாம்ப்பில் அரைச்சுற்று பாக்கி.

அணைந்தது.

மங்கவே இல்லை.
எறும்புக் கால் தெரிந்த அதே கணத்தில்
ஒன்றும் தெரியவில்லை.
தட்டினேன், திருகினேன்,
நாக்கால் அழுத்திக்கூடப் பார்த்தேன்.
அவன் சொன்னதுதான்:
செல்லுக்குள் காவல் தகடு ஒன்று உண்டாம்,
மூன்று வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடாதாம்.
"அதுக்குள்ளயும் ஒரு செக்போஸ்ட்டு,
கேட்டு விழுந்தா விழுந்ததுதான்."

இருட்டில் படுத்தபடி
ஆடி மாசத்து ஒரு செவ்வாயை நினைத்தேன்.
காலையில் கிளட்ச் தட்டு மாற்றினான்.
மதியம் எனக்கும் சேர்த்து மீன்குழம்பு வாங்கினான்,
வால்துண்டு எனக்கு.
நாலு மணிக்குக் கை கழுவினான்,
சோப்பு கொஞ்சம் அதிகமாகவே போட்டான்.
ஆறு மணிக்குப் புனலூர் பஸ்ஸில் இருந்தான்.
கொட்டாரக்கரையில் கம்பெனி ஷோரூம்,
சீருடை, ஞாயிறு லீவு,
என்று பைஜு சொல்லித்தான் தெரியும்.

அன்று அவன் முகத்தை
எத்தனை முறை பார்த்திருப்பேன்.
எங்கும் ஒரு மங்கல் இல்லை.

கிளாம்ப்பைக் கைதான் முடித்தது.
கண் இருந்தபோது தெரியாத பள்ளம் ஒன்று
விரலுக்குத் தெரிந்தது, அதில் உட்கார்ந்தது.
காற்று ஏறுகிற சத்தம் வந்தது.
பைஜு கல்லை உருவினான்.
ஒவ்வொரு லாரியாக
என் கால்மாட்டில் ஒளியை இழுத்துக்கொண்டு போனது.

ஷெட்டில் சார்ஜருக்கு மேலே
அட்டையில் அவன் எழுதி ஒட்டியது இன்னும் இருக்கிறது:
பச்சை விழுந்ததும் கழட்டு.
வயிறு உப்பினா தூக்கிப் போடு.
சில்லறையோட சேக்காதே.
"சேர்க்காதே" என்று எழுத வராது அவனுக்கு.

இப்போது இரண்டு செல் வைத்திருக்கிறேன்.
ஒன்று டார்ச்சில்.
மற்றது பழைய மாத்திரை டப்பாவில்,
சட்டைப் பையில்.
கூப்பிட்ட இடத்துக்கு மேட்டில் ஓடும்போது
டக் டக் என்கிறது.