இருபத்து மூன்றாம் குழி

பல் கட்டும் வேலை எனக்கு.
புலாவ் திக்குஸில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
பகலெல்லாம் பிறர் வாய்க்கான பற்கள்.
இரவு பத்துக்கு மேல்
அதே விளக்கு, அதே உருப்பெருக்கிக் கண்ணாடி,
அதே மெழுகு.
மேசையில் மட்டும்
யார் தொப்பியிலிருந்து விழுந்தவை என்று தெரியாத
பட்டாளச் சின்னங்கள்.

மொத்தம் நாற்பத்தொன்று.
லோரோங் கூலிட் ஞாயிற்றுச் சந்தையில்
துருப்பிடித்த இஸ்திரிப்பெட்டிக்கும்
ஓடாத கைக்கடிகாரக் குவியலுக்கும் நடுவே
தார்ப்பாயில் கிடந்தவை.
பதினெட்டுக்குப் பெயர் கண்டுபிடித்துவிட்டேன்.
கிரீடத்தின் வளைவைப் பார்த்தால்
அரசன் காலமா அரசி காலமா என்று சொல்லலாம்.
கூர்க்காவின் கத்தி தன் பெயரைத் தானே சொல்லும்.
ஒன்றில் பாயும் புலி.
அதற்கு இரண்டு மூன்று படைகள் சொந்தம் கொண்டாடலாம்,
நான் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.

முகத்தை நம்பக் கூடாது.
எத்தனை சிப்பாய் எத்தனை அணிவகுப்புக்கு
பிராஸோ போட்டுத் தேய்த்தானோ.
திருப்பிப் போட வேண்டும்:
அச்சில் அடித்ததா, மணலில் வார்த்த போலியா,
இரண்டு காதா, ஒரே நாக்கா,
காதுக்குள் ஊசி போய்வந்த தடம் உண்டா.
பல்செட்டையும் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம்.

இருபத்து மூன்றாம் எண்.
பித்தளை. ஏழு முனை நட்சத்திரம்.
நடுவில் குறுக்கே இரண்டு துப்பாக்கிகள்.
எழுத்தில்லை, கிரீடமில்லை.
"ஜப்பான்காரன் காலம்" என்றான் விற்ற ஆ லியோங்.
அவனிடம் சோயாசாஸ் கிண்ணமும் ஜப்பான்காரன் காலந்தான்.
பதினான்கு ரிங்கிட்.
பின்னால் ஒரு காது உடைந்து
யாரோ ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள்,
கொசு கடித்த தடிப்பு மாதிரி.
என் பட்டறைப் பையன் இப்படி ஒட்டினால்
அன்றைக்கு அவனோடு பேச மாட்டேன்.

எட்டு மாதம்.
தொண்டர் படையா, தோட்டக் காவலா,
கூடுவதற்குள் கலைந்துபோன வேறு எதுவுமா?
ஓய்வுபெற்ற சார்ஜன் மாட் நோ கண்ணைச் சுருக்கி
"எங்கள் ஆள் இல்லை" என்று தள்ளிவிட்டார்.
குணவதி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து
"துப்பாக்கிக்கு எதுக்கு இத்தனை ஓட்டை?" என்றாள்.
தேய்மானம் என்றேன்.

ஆகஸ்டில் ஒரு மதியம்
ஜாலான் பர்மாவில் சாவு ஊர்வலம்.
வண்டிகள் நின்றுவிட்டன. நானும்
ரோஸ் நிற மெழுகு ஒட்டிய கையோடு படியிறங்கி நின்றேன்.
பிணவண்டிக்கு முன்னால் சீன வாத்தியக்குழு,
வெள்ளைச் சட்டை, தங்கக் கயிறு, தொப்பி.
தொப்பியில் ஏழு முனை.
நடுவில், குறுக்கே,
இரண்டு கிளாரினெட்.

மேலே ஓடினேன். இறங்கினேன்.
முச்சந்தியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.
டிரம்பெட் வைத்திருந்த கிழவர் தொப்பியில் மட்டும்
நட்சத்திரத்தின் இடத்தில் இரண்டு துளை.
நீட்டினேன்.
என் ஓட்டை ஹொக்கியனைக் கூட்டிச் சேர்ப்பதற்குள்
அவர் திருப்பிவிட்டார்.
முன்பக்கம் பார்க்கவே இல்லை.
ஈயத் தடிப்பைக் கட்டைவிரலால் தடவி
"இது நான் வச்சது" என்றார் மலாயில்.
"எடுத்துட்டுப் போய் வித்தவன் செத்துட்டான்.
அவனுக்கும் நாங்கதான் ஊதினோம்."

முன்னால் யாரோ விசில் அடித்தார்கள்.
கிழவர் சின்னத்தைத் துளைகளில் செருகி
உள்ளே ஊசிக்குப் பதில் ஒரு தீக்குச்சியை நுழைத்து
மாட்டிக்கொண்டு போய்விட்டார்.
பதினான்கு ரிங்கிட்டைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும்.
ஏதோ பழைய வால்ட்ஸ், கொஞ்சம் அவசரமாக,
வெயிலுக்குள் திரும்பி மறைந்தது.

அன்றிரவு அட்டையில் எழுதினேன்:
எண் இருபத்து மூன்று.
பிரிவு, தெரியும்.
இருப்பிடம், பணியில்.

பெட்டியின் வெல்வெட்டில் நட்சத்திரக் குழி அப்படியே இருக்கிறது.
இப்போதைக்கு அதில் ஒரு கடைவாய்ப் பல்.
அளவு கொடுத்துவிட்டுப் போனவர்
இன்னும் வாங்க வரவில்லை.